சர்க்கரைக் கரைசல் ஏன் நிறம் மாறவில்லை?

தெம்பனிஸ் தாய்:
வணக்கம். உயர்நிலை மூன்றில் படிக்கும் என் மகள், பள்ளி ஆய்வுக்கூடத்தில் வெள்ளைச் சர்க்கரைக் கரைசலோடு, சிலவகைச் சர்க்கரைகளைக் கண்டறிய உதவும் நீல நிறப் பெனடிக்ட் கரைசலைச் சேர்த்துச் சூடாக்கியபோது அது நீலமாகவே இருந்ததாம். எங்கே தவறினோம் என்று வருந்துகிறாள். யாரேனும் விளக்க முடியுமா?

துணைப்பாட ஆசிரியர்:
செய்முறையில் பிழையில்லை, அம்மா. பெனடிக்ட் கரைசலிலுள்ள செம்பு அயனிகளை ஒடுக்கும் (அவற்றுக்கு எலக்ட்ரான் தரும்) குளுக்கோஸ் போன்ற சர்க்கரைகளே செங்கல் சிவப்பு வீழ்படிவைத் தரும். வெள்ளைச் சர்க்கரையான சுக்ரோஸுக்கு அத்திறன் இல்லை. அதனை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்துடன் சூடாக்கினால் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரியும். பிறகு சோடியம் பைகார்பனேட்டால் அமிலத்தை நடுநிலையாக்கிச் சோதித்தால் நிறம் மாறும். நடுநிலையாக்கும் படியை மாணவர்கள் மறந்துவிடக் கூடாது.

ஆய்வுக்கூட உதவியாளர்:
ஒன்றைச் சேர்க்கிறேன். பெனடிக்ட் சோதனையைப் போலன்றி, சோயா பாலில் புரதம் காணும் பையூரெட் சோதனைக்குச் சூடு தேவையில்லை. ஊதா நிறம் அறை வெப்பத்திலேயே தோன்றும்.