பழைய ரிகர்வ் வில்லுக்கு மாற்று: எதை வாங்கலாம்?

வணக்கம் நண்பர்களே. பதினான்கு வருடமாக ஒரே மர ரிகர்வ் (நுனிகள் முன்பக்கம் வளைந்த) வில்தான். 62 அங்குலம், இழுவிசை 40 பவுண்டு, கழற்றி மாட்டுகிற ரகம். போன வாரம் நாணேற்றும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம். வெளிச்சத்தில் பார்த்தால் கீழ் லிம்பின் (வில்லின் வளையும் கையின்) நுனிக்குப் பக்கத்தில் முடி அளவு கீறல். லிம்பும் லேசாக முறுக்கியிருக்கிறது, நாண் நடுவில் நிற்கவில்லை. இனி அதை இழுக்கப் பயமாக இருக்கிறது.

பார்வையில் இரண்டு இருக்கின்றன. ஒன்று சாமிக் சேஜ், 62 அங்குலம். லிம்பை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். இன்னொன்று பேர் கிரிஸ்லி, ஒரே துண்டு, 58 அங்குலம். மனசு என்னவோ கிரிஸ்லி பக்கம்தான்! ஆனால் நான் 29 அங்குலம் இழுப்பவன். அந்தக் குட்டை வில்லில் நாண் விரலை நெரிக்குமா?

அப்புறம், தோள்பட்டை பழையபடி இல்லை. 35 பவுண்டுக்கு இறங்க நினைக்கிறேன். பவுண்டை 28 அங்குல இழுப்பில்தான் அளப்பார்கள் என்பதால் என் கையில் இரண்டு மூன்று கூடவே வரும். இப்போதுள்ள மர அம்புகள் அதற்கு விறைப்பாகிவிடுமோ? இரண்டில் எதையாவது கொஞ்ச காலம் எய்தவர்கள் சொல்லுங்கள்.