தரிசாக் கிடக்குற காட்டுல மாட்டுக்கு ஓட்ஸ் போடலாமே

எல்லாருக்கும் வணக்கம். குவைத் மாமா போன மடல்ல, உருளைக்கிழங்கு எடுத்த காடு சும்மாதான கிடக்கு, யூக்காலி நட்டு விட்டுறலாமான்னு கேட்டிருந்தீங்க. வேணாம் மாமா. நட்டா அப்புறம் வேரைத் தோண்டி நிலமாக்குறது லேசுல முடியாது, நம்ம பிள்ளைங்க திரும்பி வந்தாலும் விவசாயம் பாக்க இடம் இருக்காது.

ஊர்ல மாடு வச்சிருக்கறவங்களுக்கு இப்ப பெரிய கஷ்டமே தீவனம்தான். வைக்கோலு பழனியிலருந்தும் வத்தலக்குண்டுலருந்தும் லாரில மலை ஏறி வரணும், வாடகைக்கே பாதிக் காசு போயிடுது, எங்க அத்தை வீட்டுல அதனாலயே கறவைய வித்துட்டாங்க, கேட்டதுலருந்து மனசே சரியில்ல. கோ-4 புல்லு நடச் சொல்றாங்க சிலபேரு. கீழ்நாட்டுக்கு அது அருமையான புல்லு, ஆனா நம்ம கொடைக்கானல் மேல்மலையில மார்கழி உறைபனி விழுந்தா கருகிப்போயி நிக்கும், சூடு வர்றவரைக்கும் தளிர்க்காது. ஓட்ஸ் குளிர்லதான் நல்லா தூர் கட்டும். தானியத்துக்குப் போட்டாதான் பூக்குற நேரத்துல பனி விழுந்து மணி பதராயிடுமோன்னு பயம், நாம பாதி பூ எடுத்ததும் அறுத்துடப் போறோம், அதனால அந்தக் கவலை இல்ல.

உருளைக்கு அப்புறம் போட்டா மண்ணுக்கும் நல்லது. நம்ம பக்கம் முட்டைக்கூடு நூற்புழு இருக்குறது எல்லாருக்கும் தெரியும், அது உருளை தக்காளி மாதிரி செடி வேர்லதான் பிழைக்கும், ஓட்ஸ் வேர்ல அதுக்கு இரை கிடையாது. ஒரு போகத்துல ஒழிஞ்சிடாது, கூட்டுக்குள்ள முட்டை வருஷக்கணக்குல உயிரோட கிடக்கும், ஆனா உருளை மேல உருளையே போட்டுட்டு இருந்தா அது பெருகத்தான செய்யும்.

ஐப்பசி மழையோட விதைக்கணும். ஏக்கருக்கு 40 கிலோ விதை, வரிசைக்கு வரிசை முக்கால் அடி, கென்ட் ரகம் போதும். 60 நாள் கிட்ட முதல் அறுப்பு, தரையோட வழிச்சு அறுக்காம நாலு விரக்கடை விட்டு அறுத்தாத்தான் திரும்பத் துளிர்க்கும், தை பனியில அது மெதுவாத்தான் வரும், பொறுக்கணும். தண்ணி உரமெல்லாம் சரியா இருந்தா ஹெக்டேருக்கு 40 டன் பச்சைத் தீவனம் எடுக்கலாம், நம்ம மேட்டுக்காட்டுல பாதின்னே வைங்க, ஏக்கருக்கு 8 டன், ஒரு மாட்டுக்கு நாளைக்கு 25 கிலோன்னா நாலு மாட்டுக்கு 80 நாள் தாங்கும். பனிக்காலம் முழுக்க வைக்கோல் லாரிய மட்டுமே எதிர்பாத்து நிக்க வேண்டாம்.

ஒண்ணு மட்டும் ஊர்ல இருக்கறவங்களுக்கு அழுத்திச் சொல்லிடுங்க. யூரியாவ அள்ளிப் போட்டுட்டு, வெயிலே காணாத மூடாப்பு நாள்ல இளசா அறுத்து, பசியோட நிக்கிற மாட்டுக்கு அதையே வயிறு முட்டப் போட்டா நைட்ரேட் விஷமாகி மாடு செத்தே போயிடும். நம்ம ஊர்ல வாரக்கணக்குல மேகம் மூடிக் கிடக்கும்ல, அதனாலதான் சொல்றேன். வைக்கோலோட கலந்து கொஞ்சங்கொஞ்சமாப் பழக்கணும். சந்தேகம்னா மன்னவனூர் ஆட்டுப்பண்ணையில போய் கேக்கலாம், மேல்மலைக் குளிர்ல ஆடு வளக்குற ஆராய்ச்சி நிலையம், தீவனத்தப் பத்தி அவங்களுக்குத் தெரியாதது இல்ல.

அடுத்தது காட்டெருமை. பச்சையா ஓட்ஸ் நின்னா அது விடாது, தனித்தனியா ஒவ்வொருத்தரும் ஒரு மூலையில போட்டா காவல் இருக்க ஆளு கிடைக்காது. அதனால என் யோசனை, ஊர ஒட்டி கோயிலுக்குக் கீழ வரிசையா இருக்குற காடுங்க பெரும்பாலும் நம்ம குழுவுல இருக்கறவங்களோடதுதான், அத மொத்தமா இந்த வருஷம் மாடு வச்சிருக்கறவங்களுக்கு விட்டுக்குடுத்தா ஒரே வேலி போட்டு ஒரே காவல்ல முடிஞ்சிரும். வாடகை வேணாம், நிலம் சும்மா கிடக்குறதுக்கு உழுதாவது வச்சிருப்பாங்க. வாய்ப்பேச்சா இல்லாம, ஒரு போகத்துக்கு மட்டும்னு எழுதிக்குவோம், நாளைக்குச் சொந்தத்துக்குள்ள சண்டை வரக்கூடாது.

விதைக்கு என் பங்கு ஒரு ஏக்கருக்கு நான் தர்றேன். மாமா, சிங்கப்பூர் அண்ணே, மதினி, உங்க காட்ட விட முடியுமான்னு ஆவணிக்குள்ள சொல்லிடுங்க, விதை வடக்கருந்து வரணும், கடைசி நேரத்துல தேடுனா கிடைக்காது.