மறுமொழி: பிரசென்ட் பெர்ஃபெக்ட் – ‘நிறைவு’ வேண்டாம், ‘இருப்பு’ என்போம்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். நம் ஆங்கில இலக்கணக் கையேட்டில் ‘ஐ ஹேவ் கம்’ போன்ற ‘பிரசென்ட் பெர்ஃபெக்ட்’ வடிவத்துக்குத் தமிழ்ப் பெயராக ‘நிறைவு நிகழ்காலம்’, ‘முற்று நிகழ்காலம்’ என்று இரண்டு சொற்கள் முன்மொழியப்பட்டு, பெரும்பாலோர் முதல் சொல்லின் பக்கம் சாய்ந்திருக்கிறோம். கையேடு அச்சுக்குப் போவதற்குள் என் மறுப்பைச் சொல்லிவிட வேண்டும். இரண்டு சொற்களுமே பிள்ளைகளைத் தவறான வழியில் திருப்பிவிடும்.

இந்தக் கையேட்டைப் படிக்கப்போகிறவர்கள் யார்? பதின்மூன்று, பதினான்கு வயதில் தமிழகத்திலிருந்து பெற்றோருடன் சிங்கப்பூருக்கு வந்து, வெளிநாட்டு மாணவர்களுக்கான சேர்க்கைத் தேர்வில் ஆங்கிலமும் கணிதமும் எழுதி, இங்குள்ள உயர்நிலைப் பள்ளியில் இடம் தேடும் பிள்ளைகள். உடன் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கத் துடிக்கும், தமிழ் மட்டும் நன்றாகப் படிக்கத் தெரிந்த தாய் தந்தையர். அவர்களுக்கு இலக்கணப் பெயர்தான் முதல் விளக்கம். பெயர் பிசகினால் அதன்பின் எத்தனை எடுத்துக்காட்டு கொடுத்தாலும் மனத்தில் பதிந்தது மாறுவதில்லை.

‘முற்று’ என்பதைச் சீக்கிரம் ஒதுக்கிவிடலாம். தமிழில் வந்தான், வருகிறான், வருவான் எல்லாமே வினைமுற்றுகள். ‘நிகழ்கால வினைமுற்று’ என்றால் வருகிறான் என்று எட்டாம் வகுப்பிலேயே படித்துவிட்டு வந்த பிள்ளைக்கு ‘முற்று நிகழ்காலம்’ என்று வேறொன்றைக் காட்டினால் குழப்பம்தான் மிஞ்சும்.

‘நிறைவு’ தரும் தொல்லை இதைவிடப் பெரியது. என் துணைப்பாட வகுப்பில் ஒரு மாணவன் ‘ஐ ஆம் லிவிங் இன் ஈசூன் சின்ஸ் 2019’ என்று எழுதியிருந்தான். (ஈசூன் சிங்கப்பூரின் ஒரு குடியிருப்பு வட்டாரம்.) நம் பிள்ளைகள் எல்லாரும் எழுதுகிற வாக்கியம் இது. ‘2019லிருந்து ஈசூனில் வசிக்கிறேன்’ என்று தமிழில் நிகழ்காலத்தில் சொல்வதை அப்படியே கொண்டுவந்திருக்கிறான். ‘ஆம் லிவிங்’ என்பதை அடித்து, மேலே ‘ஹேவ் லிவ்ட்’ என்று எழுதி, “இது நிறைவு நிகழ்காலம்” என்றேன். அவன் தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “நான் இன்னும் ஈசூனில்தானே இருக்கிறேன், டீச்சர்? வீடு மாறவில்லையே. எது நிறைந்துபோனது?” என்று கேட்டான். அவன் கேட்டதில் பிழையே இல்லை. நாம் வைத்த பெயர்தான் அவனைத் தடுக்கிறது. சின்ஸ், ஃபார் என்ற இரண்டு சொற்களோடு இந்தக் காலம் வரும்போதெல்லாம், தொடங்கியது இன்னும் ஓயவில்லை என்பதே பெரும்பாலும் பொருள். அதற்கு நிறைவு என்று பெயரிடுவது நேர்மாறு.

இந்த ஊருக்கே உரிய சிக்கல் ஒன்றும் இருக்கிறது. உணவங்காடி நிலையத்தில் நாள்தோறும் காதில் விழுவது ‘ஐ ஈட் ஆல்ரெடி’. ஹொக்கியன் என்ற சீனக் கிளைமொழியின் ‘லியாவ்’, மலாயின் ‘சூடா’ ஆகியவை செய்யும், செயல் முடிந்ததைக் காட்டும் வேலையைச் சிங்கப்பூர்ப் பேச்சு ஆங்கிலத்தில் ‘ஆல்ரெடி’ செய்கிறது. தமிழில் அதற்கு நேரான வடிவம் ‘சாப்பிட்டுவிட்டேன்’, ‘சாப்பிட்டாயிற்று’. செயல் முடிந்தது என்பதை அழுத்துவது ‘விடு’, ‘ஆயிற்று’ இரண்டும்தான். ‘நிறைவு’ என்ற பெயரைக் கேட்ட பிள்ளை மனத்துக்குள் ‘சாப்பிட்டுவிட்டேன்’ என்று மாற்றிக்கொண்டு, தாளில் ‘ஐ ஈட் ஆல்ரெடி’ என்றே எழுதும். தெருவில் அது உயிருள்ள பேச்சு. அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் உயர்நிலைப் பள்ளி முடிவில் எழுதும் சாதாரண நிலைத் (ஓ லெவல்) தேர்வின் பிழைதிருத்தப் பகுதியில் முதல் வரியும் கடைசி வரியும் சரியாக இருக்க, இடையில் பதுங்கியிருக்கும் பிழைகளில் வினைக்காலம் தவறாமல் தலைகாட்டும். அங்கே மதிப்பெண் போகிறது.

இனி என் முன்மொழிவு: ‘இருப்பு நிகழ்காலம்’.

‘வந்திருக்கிறேன்’ என்பதைப் பிரித்துப் பாருங்கள். வந்து, இருக்கிறேன். முதற்பகுதி நடந்ததைச் சொல்லும் வினையெச்சம். இரண்டாம் பகுதி, அதன் பயனோடு இப்போது இருக்கிறேன் என்று சொல்லும் துணைவினை. காலம் காட்டுவது துணைவினைதான். அது நிகழ்காலத்தில் நிற்கிறது. ஆங்கிலத்திலும் அப்படியே: காலம் ‘ஹேவ்’ மீது ஏறுகிறது, ‘கம்’ அசையாமல் நிற்கிறது. இன்னும் சுவையானது ‘ஹேவ்’ என்ற சொல்லின் பிறப்பு. அது தொடக்கத்தில் உடைமையைக் குறித்த சொல். பழைய ஆங்கிலத்தில் ‘பிடிபட்ட மீனை வைத்திருக்கிறேன்’ என்ற பொருளில் எழுந்த அமைப்புதான் நாளடைவில் ‘மீனைப் பிடித்திருக்கிறேன்’ என்று ஆனது. நாமும் உடைமையை ‘என்னிடம் பணம் இருக்கிறது’ என்று ‘இரு’வைக் கொண்டுதான் சொல்கிறோம். இரண்டு மொழிகளும் வெவ்வேறு வழியில் வந்து ஒரே இடத்தில் சந்திக்கும்போது அதைப் பயன்படுத்திக்கொள்ளாமல் விடுவானேன்?

‘இருப்பு’ என்றால் வங்கிக் கணக்கில் மிச்சமிருக்கும் தொகையல்லவா என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். ஆமாம், அந்தப் பொருளே நமக்குத் துணை. கணக்கில் இருப்பு எவ்வளவு என்று பார்க்கிறவர், எந்தக் கிழமை போட்ட பணம் என்று பார்ப்பதில்லை. அதுபோல, ‘ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ’ என்றால் சாவி இப்போது கையில் இல்லை என்பதே செய்தி. தொலைந்த நாள் அதில் இல்லை. நாளைச் சொல்ல வேண்டுமானால் ‘ஹேவ்’ இல்லாத ‘ஐ லாஸ்ட்’ என்ற இறந்தகாலத்துக்குப் போக வேண்டும்.

இந்த இடத்தில் தமிழ் நமக்குக் கைகொடுக்காது என்பதையும் கையேட்டில் எழுதியாக வேண்டும். ‘போன ஆண்டு இங்கே வந்திருக்கிறேன்’ என்று தமிழில் தாராளமாகச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் ‘எஸ்டர்டே’, ‘லாஸ்ட் இயர்’ போன்ற கடந்துபோன காலச் சொற்கள் ‘ஹேவ்’ பக்கத்தில் வரக்கூடாது. ‘ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே’ என்று நம்மவர் எழுதுவதற்குக் காரணம் இதுவே. சொல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இந்த ஒரு விதியைத் தனியாகத்தான் கற்பிக்க வேண்டும்.

அன்புடன்,
ஈசூன் ஆசிரியை

*

அன்புள்ள ஆசிரியை அம்மாவுக்கு,

வணக்கம். நீங்கள் சொன்னதில் பெரும்பகுதி எனக்கு உடன்பாடு. வகுப்பறையை விட்டு ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இரண்டு ஐயங்கள். ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்பதிலும் ‘இரு’ இருக்கிறதே, அதையும் பிள்ளை இருப்பு நிகழ்காலம் என்று எண்ணாதா? அடுத்தது இதைவிடக் கடுமையானது. ‘இருக்கிறேன்’ என்றால் ஆங்கிலத்தில் ‘ஐ ஆம்’ என்று பழகிய பிள்ளை ‘சாப்பிட்டிருக்கிறேன்’ என்பதை ‘ஐ ஆம் ஈட்டன்’ என்று எழுதிவிடும். ‘நான் உண்ணப்படுகிறேன்’ என்று பொருள் மாறிவிடுமே.

பெக் கியோவிலிருந்து

*

ஐயா, வணக்கம்.

இரண்டாவது ஐயம்தான் இந்த இழையில் வந்தவற்றுள் மிகவும் கனமானது. அதற்காகவே சொல்லின் விளக்கத்தைக் ‘கையிருப்பு’ என்று தொடங்கலாம் என்று நினைக்கிறேன். ‘நான் இருக்கிறேன்’ என்றால் ‘ஐ ஆம்’. ‘என்னிடம் இருக்கிறது’ என்றால் ‘ஐ ஹேவ்’. இருப்பு நிகழ்காலத்தின் ‘இரு’ இரண்டாவது வகை. இந்த இரண்டு வரிகளும் பாடத்தின் தலையில், எடுத்துக்காட்டுகளுக்கு முன்பே, பெரிய எழுத்தில் வர வேண்டும். உங்கள் ‘ஐ ஆம் ஈட்டன்’ வாக்கியத்தையும் பக்கத்திலேயே போட்டுவிடுவோம். பொருள் மாறுவதைப் பார்த்த பிள்ளை அதை மறக்காது.

முதலாவதைப் பொறுத்தவரை, ‘கொண்டிரு’வில் தொடர்ச்சியைக் காட்டுவது ‘கொண்டு’. அதற்குத் ‘தொடர்’ என்ற பெயரை ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறோம். இரண்டும் சேரும் ‘ஹேவ் பீன் லிவிங்’ வகைக்கு ‘இருப்புத் தொடர்’ என்று தடையில்லாமல் பெயர் அமைகிறது. ‘நிறைவுத் தொடர்’ என்று சொல்லிப் பாருங்கள், ஐயா. நிறைந்தபின் எது தொடரும்?

மற்ற உறுப்பினர்களின் ஒப்புதலுக்காகப் பட்டியலில் சேர வேண்டிய வடிவங்களைக் கீழே தருகிறேன். ‘ஈட்டன்’, ‘ரிட்டன்’ போன்ற மூன்றாம் வடிவத்துக்குப் பெயர் இன்னும் அமையவில்லை. அதைத் தனி இழையாகத் தொடங்குகிறேன்.

இருப்பு நிகழ்காலம்: வந்திருக்கிறேன், ஐ ஹேவ் கம்
இருப்பு இறந்தகாலம்: வந்திருந்தேன், ஐ ஹேட் கம்
இருப்பு எதிர்காலம்: வந்திருப்பேன், ஐ வில் ஹேவ் கம்

அன்புடன்,
ஈசூன் ஆசிரியை