ஏற்பிலக்கும் அடுக்குக் கட்டுப்பாடும்: ஒரு முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

ஒரு கட்டுப்படுத்தும் கருவி வெளியிலிருந்து பெறும் இலக்கு மதிப்பான ‘ரிமோட் செட்பாயிண்ட்’ என்பதற்குத் ‘தொலை அமைபுள்ளி’ என்றும், ஒரு கட்டுப்படுத்தி மற்றொன்றுக்கு இலக்கைத் தரும் அமைப்பான ‘கேஸ்கேடு கண்ட்ரோல்’ என்பதற்கு ‘அருவிக் கட்டுப்பாடு’, ‘தொடர் கட்டுப்பாடு’ என்றும் முன்மடல்களில் நண்பர்கள் பரிந்துரைத்திருக்கிறார்கள். இவற்றில் ஒன்றைத் தேர்வதற்கு முன், கருவி என்ன செய்கிறது என்பதை ஒருமுறை முழுமையாகப் பார்த்துவிட வேண்டும் என்பது என் கருத்து.

வேதித் தொழிற்சாலையின் வினைக்கலன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கலனைச் சுற்றியுள்ள வெளியுறையான ஜாக்கெட்டில், நீராவியால் சூடாக்கப்பட்ட நீர் ஓடுகிறது. கலனுக்குள் உள்ள கலவை 80 டிகிரி செல்சியஸில் நிற்க வேண்டும். கலவையின் வெப்பநிலையைப் பார்த்து நீராவி வால்வை நேரடியாக இயக்கும் ஒற்றைக் கட்டுப்படுத்தியை வைத்தால், நீராவி அழுத்தத்தில் ஏற்படும் சிறு இறக்கம் ஜாக்கெட் நீரையும் கலனின் சுவரையும் கடந்து கலவையில் தெரியவரப் பல நிமிடங்கள் ஆகிவிடும். அதற்குள் பிழை வளர்ந்திருக்கும். ஆகவே இரண்டு கட்டுப்படுத்திகளை வைக்கிறார்கள். முதலாவது கலவையின் வெப்பநிலையை அளந்து, ஜாக்கெட் எத்தனை டிகிரியில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் தீர்மானிக்கிறது. வால்வை அது தொடுவதில்லை. இரண்டாவது கட்டுப்படுத்தி அந்த எண்ணைத் தன் இலக்காக ஏற்று, ஜாக்கெட்டின் வெப்பநிலையை அளந்து, வால்வை இயக்குகிறது. முதலாவதன் சுற்று வெளிச்சுற்று, இரண்டாவதன் சுற்று உட்சுற்று. நீராவி அழுத்தம் இறங்கினால் ஜாக்கெட்டில் அது விரைவிலேயே தெரியும். கலவைக்கு அந்தக் குலைவு பெரிதாக எட்டுமுன் உட்சுற்று அதைத் திருத்திவிடும். இதற்கு உட்சுற்று வெளிச்சுற்றைவிடக் குறைந்தது மூன்று முதல் ஐந்து மடங்கு விரைவானதாக இருக்க வேண்டும் என்பது நடைமுறை விதி. அதனால்தான் உட்சுற்றை முதலில் சீரமைத்துவிட்டு, பிறகே வெளிச்சுற்றுக்கு வருகிறார்கள்.

முதற்கருவியிடமிருந்து இரண்டாவதற்குப் போகும் எண், தனித்தனிக் கருவிகளாக இருந்தால் பெரும்பாலும் 4 முதல் 20 மில்லிஆம்பியர் மின்னோட்டமாகப் போகும். 4 மில்லிஆம்பியரை 0 டிகிரி என்றும் 20 மில்லிஆம்பியரை 160 டிகிரி என்றும் வகுத்திருந்தால், 13 மில்லிஆம்பியர் வரும்போது ஜாக்கெட்டின் இலக்கு 90 டிகிரி ஆகும். இந்த இரண்டு கருவிகளும் ஒரே பேனலில் அருகருகே இருக்கலாம். ஒரே கருவிக்குள் எழுதப்பட்ட இரண்டு நிரல்பகுதிகளாகவும் இருக்கலாம். தொலைவு என்பதே இங்கு இல்லை. இலக்கு எங்கிருந்து வருகிறது என்பதைவிட, அதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதே பொருள். ‘தொலை’ என்ற முன்னொட்டை நான் மறுப்பதற்குக் காரணம் இதுதான்.

‘புற இலக்கு’ என்றால் சுருக்கமாக இருக்குமே என்று முதலில் தோன்றும். ஆனால் உட்சுற்று, புறச்சுற்று (அதாவது வெளிச்சுற்று) என்ற பெயர்களும் இதே துறையில் வழங்கும்போது, புற இலக்கு உட்சுற்றுக்கு உரியது என்று எழுத நேரும். படிக்கும் மாணவர் தடுமாறுவார். ‘வருபுனல்’ போல வினைத்தொகையாக ‘வரு இலக்கு’ என்று அமைக்கலாம் என்றால், புணர்ந்தவுடன் அது ‘வருவிலக்கு’ ஆகி, ‘வரிவிலக்கு’ என்று கண்ணுக்குப் படுகிறது. எனவே ‘ஏற்பிலக்கு’ என்பதை முன்மொழிகிறேன். கட்டுப்படுத்தி வெளியிலிருந்து ஏற்கும் இலக்கு என்பது பொருள். ஆபரேட்டர் முகப்பில் பதித்துவைக்கும் ‘லோக்கல் செட்பாயிண்ட்’ என்பதற்குத் ‘தன்னிலக்கு’ இயல்பாக இணையாகிறது.

அடுத்தது கேஸ்கேடு. ‘தொடர் கட்டுப்பாடு’ கூடாது. இடைவிடாத கட்டுப்பாட்டையும், வரிசைமுறைக் கட்டுப்பாட்டையும் அதே சொல் குறிக்கும் அபாயம் உண்டு. ‘அருவி’ அழகாக இருக்கிறது, ஆனால் இங்கே எதுவும் தானாக வீழ்வதில்லை. ஒவ்வொரு படியும் அளந்து, திருத்தி, அடுத்ததற்கு ஆணையிடுகிறது. ஒன்றுக்குள் ஒன்று அமைந்த சுற்றுகளை ‘அடுக்குக் கட்டுப்பாடு’ நேராகச் சொல்கிறது. இந்த இரண்டு கட்டுப்படுத்திகளையும் குறிக்கும் மாஸ்டர், ஸ்லேவ் என்ற இணையை ஆண்டான், அடிமை என்று பெயர்ப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். ஆங்கிலத்திலேயே அவ்விடத்தில் முதலாவது, இரண்டாவது என்ற பொருள் தரும் சொற்கள் பரவலாக வழங்குகின்றன. நமக்கு வெளிச்சுற்றுக் கட்டுப்படுத்தி, உட்சுற்றுக் கட்டுப்படுத்தி போதும்.

இரு சொற்களையும் ஒன்றாகக் கருதிவிடவும் கூடாது. அடுக்குக் கட்டுப்பாடு எல்லாவற்றிலும் ஏற்பிலக்கு உண்டு. ஆனால் பல மண்டலங்கள் கொண்ட உலையில், ஒரு நிரல்கருவி நேரத்துக்கேற்ப மாறும் இலக்கை எல்லா மண்டலக் கட்டுப்படுத்திகளுக்கும் அனுப்பும்போது, ஏற்பிலக்கு இருக்கிறது. அடுக்குக் கட்டுப்பாடு இல்லை. அனுப்பும் கருவி அங்கே எதையும் அளந்து திருத்துவதில்லை.

ஒரு சொல்லின் தகுதியைக் கையேட்டு வாக்கியத்தில் வைத்துப் பார்ப்பதே சரியான சோதனை: “ஏற்பிலக்குச் சமிக்ஞை 3.6 மில்லிஆம்பியருக்குக் கீழே இறங்கினால், கட்டுப்படுத்தி எச்சரிக்கை எழுப்பித் தன்னிலக்குக்கு மாறும்.” “ஏற்பிலக்கின் மேல்வரம்பை 110 டிகிரியாக வைக்கவும்.” இரவுப்பணியில் இருக்கும் ஒருவர் இதைப் படித்து உடனே செயல்பட முடியும் என்று நம்புகிறேன்.

‘பம்ப்லெஸ் டிரான்ஸ்ஃபர்’ மட்டும் இன்னும் முடிவாகவில்லை. உட்சுற்று தன்னிலக்கில் இருக்கும் வரை, வெளிச்சுற்றின் வெளியீடு அந்தத் தன்னிலக்கையே பின்தொடர வேண்டும். இல்லையென்றால் ஏற்பிலக்குக்கு மாற்றும் நொடியில் இலக்கு தாவும், வால்வும் தாவும். இத்தாவலைத் தவிர்க்கும் செயலுக்குத் ‘தாவலிலா மாற்றம்’ என்பதை வைக்கிறேன். இதைவிடப் பொருத்தமான சொல் இருந்தால், அதையும் ஒரு கையேட்டு வாக்கியத்தோடு சேர்த்து எழுதுமாறு வேண்டுகிறேன்.