அத்தை துபாய் போறாங்க: ‘தென்காசி வீடு’ குழுவில்

செல்வி அத்தை (இரவு 7:42): வியாழக்கிழமை திருவனந்தபுரத்துல பிளைட். அங்க போனா வாட்ஸ்அப்ல கால் வராதுன்னு எதுத்த வீட்ல சொல்லுதாவ. நெசமா? அம்மாட்ட தினமும் பேசலன்னா அவ தூங்க மாட்டா

பிரபு, ஷார்ஜா (7:50): பாதி நெசம் அத்தை. மெசேஜ், போட்டோ, வாய்ஸ் நோட் எல்லாம் போகும். கால்தான் அடைப்பு. பல நேரம் மணி அடிக்கும், எடுத்தா ‘கனெக்டிங்’னே நிக்கும். ஹோட்டல் வைஃபை, எதிசலாத், டூ (du)ன்னு இங்க உள்ள கம்பெனி சிம் எதுலயும் இதே கதைதான்

செல்வி அத்தை: விபிஎன் (போன் எந்த நாட்டுல இருக்குன்னு மறைக்குற ஆப்) போட்டா வரும்ங்காளே

பிரபு: வேண்டவே வேண்டாம். குற்றம் செய்ய ஐபி முகவரியை (நெட்ல நம்ம போனோட விலாசம்) மறைச்சா 2021 சட்டப்படி 5 லட்சம் திர்ஹாம்ல இருந்து 20 லட்சம் வரை அபராதம், ஜெயிலும் உண்டு. டூர் வந்த இடத்துல எதுக்கு வம்பு

கவிதா, சென்னை (7:58): விபிஎன் இல்லாமலே வழி இருக்கு அத்தை. உங்க இந்திய சிம்ல ரோமிங் டேட்டா பேக் போட்டா வாட்ஸ்அப் கால் பெரும்பாலும் வேலை செய்யும். ரோமிங்ல அந்த ஊர் டவர் வழி மட்டும்தான் குடுக்கும். டேட்டா முழுக்க நம்ம கம்பெனி நெட்வொர்க்குக்கு வந்து, இங்க இருந்துதான் இன்டர்நெட்டுக்குள்ள போகும். அதனால அங்க போட்ட தடை இதுல விழாது. டிராவல் இசிம்லயும் (கார்டு இல்லாம போனுக்குள்ள இறக்குற சிம்) நிறைய இப்படித்தான், வேற நாடு வழியா சுத்திப் போகும். சிலது உள்ளூர் வழியாவே போகும், அதுல கால் வராது. வாங்கும்போது கேட்டுக்கோங்க

பிரபு: அதோட போட்டிம் (Botim)ங்கிற கால் ஆப்பையும் போட்டு வைங்க. இங்க நிறையப் பேர் வீட்டுக்குப் பேசுறது அதுலதான். ரெண்டு பக்கமும் போட்டிம் இருக்கணும், அதைத்தான் மறந்துடுவாங்க. ஊர்ல இருக்கும்போதே ரெஜிஸ்டர் பண்ணிடுங்க, ஓடிபி உடனே வந்துடும். கூகுள் மீட், ஜூமும் இங்க ஓடும். மாமா இன்னும் ஸ்கைப்னு சொல்வாங்க, அது 2025 மே மாசமே மூடியாச்சு

பெரியப்பா (8:11): அம்மாட்ட இருக்கது பட்டன் போன். இதெல்லாம் எங்க போட

பிரபு: பெரியப்பா, பேசுற நிமிஷமும் சேர்ந்த ரோமிங் பேக் எடுத்தா அத்தை இந்திய சிம்ல இருந்து நேரா ஆச்சிக்கு அடிக்கலாம். ஆச்சி அத்தையைக் கூப்பிட்டா ஆச்சிக்கு உள்ளூர் கால்தான், ஆனா பல பேக்ல இன்கமிங் நிமிஷமும் அத்தை கணக்குல கழியும். அதனால மிஸ்டு கால் குடுக்கச் சொல்லுங்க, அத்தை வசதி பாத்துத் திரும்ப அடிப்பாங்க

பெரியப்பா: மிஸ்டு கால்னா இன்னொண்ணு. செல்வி, புறப்படுமுன்ன ##002# அடிச்சு கால் பட்டனை அமுக்கு. கால் பார்வர்டிங் (வர்ற காலை வேற நம்பருக்குத் திருப்புறது) எல்லாம் அழிஞ்சிரும். இல்லாட்டி நீ எடுக்காத கால் துபாய் வரைக்கும் போயி, அங்க இருந்து வாய்ஸ் மெயிலுக்கு இந்தியாவுக்கே திரும்பும். போனதுக்கு ஒரு காசு, வந்ததுக்கு ஒரு காசு. ரோமிங் பில் எகிறுனா முதல்ல இதைத்தான் பாக்கணும்

பெரியப்பா: நம்பரை எல்லாம் +91 போட்டு சேவ் பண்ணு. நம்ம வீட்டு லேண்ட்லைன் 04633ன்னு இருந்தா முன்னால உள்ள சைபரை எடுத்துட்டு +91 4633. சைபரோட அடிச்சா போகாது. + வேணும்னா 0 பட்டனை அமுக்கிப் பிடி

செல்வி அத்தை: சரிண்ணே 👍 அப்ப அங்க ஒரு சிம் வாங்கி இதைக் கழட்டி பர்ஸ்ல வச்சிரட்டா

கவிதா: கழட்டவே கூடாது அத்தை!! பேங்க் ஓடிபி வர அதுதான். ரோமிங்ல வர்ற எஸ்எம்எஸ்க்குப் பெரும்பாலும் காசு கிடையாது. ஆனா இன்டர்நேஷனல் ரோமிங் ஆன் ஆகி இருக்கணும், அதை இங்கயே பண்ணிடுங்க. யுபிஐ ஆப்பை அங்க வச்சு அழிச்சுத் திரும்பப் போடாதீங்க, உங்க சிம்ல இருந்து எஸ்எம்எஸ் அனுப்பித்தான் அது பதியும், அதுக்குக் காசு. புது சிம் போட்டதும் வாட்ஸ்அப் ‘நம்பர் மாத்தவா’ன்னு கேட்டா வேண்டாம்னு குடுங்க

கவிதா: இந்திய சிம்ல டேட்டா பேக் போடாம இசிம் வாங்குனா செட்டிங் இப்படி. டேட்டாவுக்கு இசிம். இந்திய சிம்ல டேட்டா ரோமிங் ஆஃப். ‘தானா டேட்டா மாத்து’ன்னு ஒரு பட்டன் இருக்கும், அதையும் ஆஃப். அதை விட்டுட்டா இசிம் சிக்னல் குறையும்போது போன் சத்தமில்லாம இந்திய சிம்முக்குத் தாவப் பாக்கும்

பிரபு: வாட்ஸ்அப்ல படம் தானா இறங்குறதை நிறுத்துங்க, பேக்கப் வைஃபைல மட்டும்னு வைங்க. நம்ம குழு குட்மார்னிங் படமே ஒரு ஜிபி தின்னுடும் 😄 ஸ்டோரேஜ் அண்ட் டேட்டாவுல ‘காலுக்குக் குறைஞ்ச டேட்டா’ (Use less data for calls) உண்டு, அதை ஆன் பண்ணுங்க

ராஜி சித்தி (8:40): செல்வி, சார்ஜர் பின் அங்க நம்ம மாதிரி இல்ல. மூணு பட்டை முள். அடாப்டர் எடுத்துக்கோ, போன் செத்துட்டா எந்த சிம் இருந்து என்ன

பெரியப்பா: நேரம்?

பிரபு: நாங்க ஒன்றரை மணி பின்னால. ஆச்சி எட்டரைக்குப் படுப்பாங்கன்னா அத்தை இங்க ஏழு மணிக்குள்ள பேசிடணும். அவசரம்னா போலீஸ் 999, ஆம்புலன்ஸ் 998. இந்தியர் உதவி மையம் 80046342

கவிதா: வீட்ல இருக்கவங்களுக்கு: +971 புது நம்பர்ல அத்தை போட்டோ வச்சு “பர்ஸ் போச்சு, பணம் அனுப்பு”ன்னு வந்தா அனுப்பாதீங்க. அத்தை இந்திய நம்பருக்கு அடிச்சுக் குரலைக் கேட்டுட்டுத்தான் மத்தது

செல்வி அத்தை (8:58): என் போன் இசிம் எடுக்குமான்னு எப்படிப் பாக்க

கவிதா: *#06# அடிங்க. இஐடின்னு 32 இலக்க நம்பர் வந்தா எடுக்கும்

செல்வி அத்தை: வருது. இவுக போன்ல வரல

பிரபு: அப்ப மாமாவுக்கு ரெண்டாவது ஸ்லாட்ல சாதா சிம். அங்க மெமரி கார்டு இருக்கான்னு பாருங்க, சில போன்ல ரெண்டுல ஒண்ணுதான் நிக்கும். இசிம் கியூஆர் கோடை மாமா போனுக்கு அனுப்பி, உங்க போன்ல ஸ்கேன் பண்ணுங்க. வீட்டு வைஃபைலயே இறக்கிடுங்க, ஆன் பண்றது துபாய்ல இறங்குனப்புறம். சில பிளான்ல இறக்குன நிமிஷமே நாள் ஓட ஆரம்பிக்கும், அப்படின்னா புதன் ராத்திரி பண்ணுங்க

செல்வி அத்தை: சரி. மெமரி கார்டு இருக்கு. அதுல உள்ள போட்டோவை எங்க மாத்த?