மேலத்தெரு நில எடுப்பு குழு: வட்டிக் கணக்கு

செல்வி: அவார்டுல, அதான் இழப்பீட்டை முடிவு பண்ணுன உத்தரவுல, 12% போட்டிருக்காங்களே, வட்டி அதுலயே அடங்கிருச்சா?

முருகேசன்: இல்லக்கா, அது வேற. 2013 நில எடுப்புச் சட்டம் பிரிவு 30(3)ல வர்ற கூடுதல் தொகை அது. சமூகத் தாக்க மதிப்பீட்டு அறிவிப்பு வந்த நாள்லருந்து அவார்டு தேதி அல்லது நிலத்தைக் கையகப்படுத்துன தேதி, எது முந்தியோ அதுவரைக்கும். சந்தை மதிப்புக்கு மட்டும்தான், ஆறுதல் தொகைக்கு, அதான் கட்டாயமா நிலம் எடுக்குறதுக்காகச் சேர்த்துத் தர்ற பணத்துக்கு, கிடையாது.

முருகேசன்: வட்டி பிரிவு 80. பணத்தைக் கொடுக்காம, டெபாசிட்டும் பண்ணாம நிலத்தை எடுத்தா முதல் வருஷம் 9%, அதுக்கப்புறம் 15%. தனிவட்டிதான்.

ராஜா: ஒரு கணக்கு போட்டுக் காட்டுங்கண்ணே.

முருகேசன்: சந்தை மதிப்பு 10 லட்சம், ஆறுதல் தொகை 10 லட்சம். மதிப்பீட்டு அறிவிப்புலருந்து அவார்டு வர 18 மாசம் ஆச்சுன்னா, சந்தை மதிப்புக்கு 12% வீதம் 1,80,000. ஆக 21,80,000. நிலத்தை எடுத்து ஒன்றரை வருஷம் பணம் வரலைன்னா, முதல் வருஷம் 1,96,200, அடுத்த ஆறு மாசம் 1,63,500. வட்டி மட்டும் 3,59,700.

ராஜா: ஆறுதல் தொகையை விட்டுட்டு வட்டி போடுறாங்களே?

முருகேசன்: விடவே கூடாது தம்பி. பழைய 1894 சட்டத்துலயே அதுக்கும் வட்டி உண்டுன்னு 2001ல சுந்தர் வழக்குல சுப்ரீம் கோர்ட்டு சொல்லிருச்சு. மனுவுல அதைக் குறிப்பிடுங்க.

கணேசன் மாமா: கையகப்படுத்துன தேதிதான் முக்கியம். ஜேசிபி வந்த நாள் ஒண்ணு, மகஜர்ல, அதான் நிலத்தை எடுத்ததா அதிகாரிங்க எழுதுற பதிவுல, இருக்குற தேதி வேறொண்ணுன்னு ஆயிடும். அந்த இடைவெளிக்கு வட்டி போச்சு. தேதியோட போட்டோ எடுத்து, அன்னைக்கே தனி தாசில்தாருக்குப் பதிவுத் தபால் போட்டுடணும். முழுப் பணமும் தந்தபிறகுதான் நிலத்தை எடுக்கணும்னு பிரிவு 38 சொல்லுது, அதையும் எழுதுங்க.

செல்வி: தொகை பத்தாதுன்னு செக்கை வாங்காம இருந்தா வட்டி ஏறுமா மாமா?

கணேசன் மாமா: ஏறாதும்மா. இழப்பீட்டுத் தகராறை விசாரிக்கிற ஆணையத்துல டெபாசிட் பண்ணிட்டா அதோட பிரிவு 80 வட்டி நின்னுரும். வாங்கிக்கோங்க, ஆனா ஆட்சேபணையோட. சும்மா கையெழுத்துப் போட்டா இழப்பீட்டைக் கூட்டிக் கேக்குற பிரிவு 64 மனுவே போட முடியாது. அவார்டு அன்னைக்கு நேர்ல இருந்தவங்களுக்கு 6 வாரம்தான் கெடு. ஆணையம் கூட்டிக் கொடுத்தா அந்தக் கூடுதலுக்கும் கையகப்படுத்துன நாள்லருந்து வட்டி உண்டு, அது பிரிவு 72.

முருகேசன்: பைபாஸுக்குப் போற சர்வே நம்பர்காரங்க கவனிங்க. தேசிய நெடுஞ்சாலைச் சட்டப்படி எடுத்தா பிரிவு 64 கிடையாது, ஆர்பிட்ரேட்டர்கிட்டதான், அதான் நடுவர்கிட்டதான், போகணும்.

ராஜா: ரசீதுல என்னன்னு எழுதறது?

கணேசன் மாமா: "தொகை போதாது என்ற ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன். பிரிவு 64ன் கீழ் என் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை." கையெழுத்துக்கு மேல எழுதணும். ரெண்டு நகல் எடுத்து ஒண்ணுல ஆபீஸ் சீல் வாங்கிருங்க.