ஃபோர்க் சீல்: அடி போல்ட் கழல மாட்டேன் என்கிறது

பினாங்கு அண்ணன்மார்களே, அப்பாவின் பழைய யமஹா ஆர்எக்ஸ்இசட் மோட்டார் சைக்கிளுக்கு வீட்டிலேயே முன் ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் அதிர்வுதாங்கி) சீல், அதாவது ஆயில் கசியாமல் தடுக்கும் வளையம், மாற்றுகிறேன். சீல், தூசி மூடி, ஃபோர்க் ஆயில் எல்லாம் தயார். சிக்கல் அடியில் இருக்கும் ஆலன் போல்ட்தான். திருகினால் உள்ளே டேம்பர் ராடும் (துள்ளலை அடக்கும் தண்டு) சேர்ந்து சுற்றுகிறது. மேல் மூடியையும் ஸ்பிரிங்கையும் கழற்றாமல் ஃபோர்க்கை நன்றாக அமுக்கிப் பிடித்தும் பார்த்தாச்சு. ஜெலுத்தோங், ஆயர் ஈத்தாம் பக்கம் யாரிடமாவது இம்பேக்ட் கன் (போல்ட்டை அதிரடியாகத் தட்டித் திருகும் கருவி) இருந்தால் கொஞ்ச நேரம் இரவல் தாருங்கள், தே தாரிக் டீ என் கணக்கு.

அப்புறம், கடல் காற்று வேலையைக் காட்டியிருக்கிறது. ஃபோர்க்கின் குரோம் குழாயில், சீல் ஏறி இறங்கும் இடத்திலேயே ஊசிமுனை அளவு துருக்குழி. நகத்தால் தடவினால் தட்டுகிறது. அப்படியே மாட்டினால் புது சீலையும் அறுத்துவிடும். 2000 நம்பர் உப்புத்தாளை நனைத்துத் தேய்த்தால் போதுமா, குழாயையே மாற்றணுமா? பட்டறையில் விடு என்று மட்டும் சொல்லாதீர்கள்.